எஸ்டீமுக்கு டர்போவா, பலேனோ எஞ்சினா?

கேள்வி: வணக்கம் அண்ணா. என்னிடம் இருப்பது 2004 மாடல் மாருதி எஸ்டீம், பெட்ரோல், டிஎன் 29 பதிவு. அப்பா புதிதாக எடுத்த வண்டி, விற்க மனசில்லை. 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாரண்டஹள்ளி தாண்டி ஏற்றத்தில் முன்னால் ஒரு தக்காளி லாரி போனால் அதைத் தாண்டிப் போக வண்டியில் தெம்பில்லை. ஏசி போட்டால் இன்னும் மோசம். வெப்ப முள்ளும் பாதிக்கு மேல் ஏறுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது. போன வருடம் டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாற்றினேன், மற்றபடி எஞ்சினில் கை வைத்ததில்லை. பெங்களூரில் ஒரு மெக்கானிக் பழைய பலேனோவின் 1.6 லிட்டர் எஞ்சினைப் போட்டுத் தர 1,20,000 ரூபாய் கேட்கிறார். நண்பர் ஒருவர் இருக்கிற எஞ்சினுக்கே டர்போ போடச் சொல்கிறார், 1,80,000க்குள் முடியுமாம். கையில் இரண்டு லட்சம் வைத்திருக்கிறேன். எதைச் செய்யலாம்?
- வாசகர், பாலக்கோடு

பதில்:

வணக்கம் தம்பி. டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, வேண்டாம். 1.6 எஞ்சின் நல்ல யோசனைதான், ஆனால் ஆர்.சி. புத்தகம் இடிக்கும். இரண்டைப் பற்றியும் விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. போன வருடம் டைமிங் பெல்ட் மாற்றினேன் என்கிறீர்களே, இந்த இழுவைக் குறைவு அதற்கு முன்பே இருந்ததா, அதற்குப் பிறகு வந்ததா?

நினைவுபடுத்திப் பாருங்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைப்பது இந்தப் பெல்ட்தான். பெல்ட் போடும்போது கேம் புல்லி ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டால் வண்டி ஓடாமல் நிற்காது. ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங்கில் ஓரளவு ஒழுங்காகவே நிற்கும், நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது வித்தியாசமே தெரியாது. ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை செத்துவிடும். ஒரு பல் என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. கேம் ஒரு சுற்று சுற்றினால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது, அதனால் கேமில் ஒரு பல் பிசகினால் கிராங்க் கணக்கில் 15 டிகிரிக்கு மேல் போய்விடும். காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கைப் பிஸ்டன் மேலே வரும்போது வந்த வழியிலேயே திருப்பித் தள்ளிவிடும். தீப்பொறி நேரமும் அதோடு சேர்ந்து பின்தங்கினால் வெப்பம் ஏறும். ஏற்றத்தில் இழுக்கவில்லை, முள் மேலே போகிறது என்று நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் இதற்குப் பொருந்துகின்றன. இதுதான் காரணம் என்று கடிதத்தை வைத்து நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இதைப் பார்க்காமல் லட்சக் கணக்கில் பேரம் பேசுவது தப்பு.

பார்ப்பது பெரிய வேலையில்லை. மேல் கவரைக் கழற்றினால் கேம் புல்லியில் குறி தெரியும். கிராங்க் பக்கம் ஒரு குறி இருக்கும். முதல் சிலிண்டர் மேலே வந்து நிற்கும்போது இரண்டு குறிகளும் தத்தம் இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். ஸ்பேனரை மாட்டி கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். பல மெக்கானிக்குகள் பெல்ட்டைப் போட்டுக் குறி நேராக இருந்ததும் கவரை மூடிவிடுவார்கள். பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனர் இழுத்துப் பிடித்த பிறகுதான் பிசகு வெளியே தெரியும், அதற்குத்தான் அந்த இரண்டு சுற்று.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கட்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இக்னிஷனையும் துண்டித்து, ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எடுத்த ரீடிங் குப்பைக்குத்தான் போகும், காற்று உள்ளே வர வழியே இருக்காது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு அடி. நான்கும் 170, 180 பிஎஸ்ஐயை ஒட்டி, ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருந்தால் எஞ்சின் நீங்கள் நினைப்பதைவிட ஆரோக்கியம். ஒன்று மட்டும் கீழே கிடந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். ரீடிங் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். நான்கும் ஒரே அளவில் குறைவாக இருந்தால்? அங்கேதான் டைமிங் பெல்ட் மறுபடி வருகிறது. நான்கு சிலிண்டரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே மாதிரி தேய்வது அபூர்வம். நான்கிலும் வால்வு தாமதமாக மூடினால் நான்கும் ஒரே மாதிரிதான் குறையும்.

ஆயிலைப் பற்றி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஏற்றத்தில் மிதிக்கும்போது பின்னால் புகை தள்ளினால் ரிங். ஆயிரத்துக்கு அரை லிட்டர் என்பது உயிர் போகிற விஷயமில்லை, ஆனால் டர்போ பற்றிப் பேசும்போது இந்த அரை லிட்டரை மறந்துவிடாதீர்கள், வருகிறேன்.

வெப்ப முள்ளுக்கு இன்னொரு சந்தேகம்: ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள்? நம் மாவட்டத்து போர் தண்ணீரின் லட்சணம் ஊரறிந்தது. ஃப்ளோரைடு பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ரேடியேட்டரை அடைப்பது ஃப்ளோரைடு இல்லை, அதே தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு. வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிற அந்த வெள்ளைப் பொருக்கு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பாதிக் குழாய் அடைத்திருக்கும். வாட்டர் பம்ப் மாற்றியபோது கூலன்ட் ஊற்றினார்களா, பக்கத்துக் குழாயில் பிடித்த தண்ணீரா என்று கேளுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். நம் பக்கம் அது ஒரு கெட்ட பழக்கம்.

இன்னும் ஒன்று, சைலன்சருக்கு முன்னால் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். ஆயில் எரிக்கிற வண்டியில் இருபது வருடம் இருந்தால் உள்ளே இருக்கும் தேன்கூடு அடைபடும், அல்லது உடைந்து குறுக்கே விழும். எஞ்சின் மூச்சை வெளியே விட முடியாமல் திணறும். தட்டிப் பார்த்தால் கடகடவென்று சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம். முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜ் மாட்டி, ஆர்பிஎம்மை ஏற்றிப் பார்த்தால் அழுத்தம் எவ்வளவு தேங்குகிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவையும் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் வண்டி புதிதில் 85 பிஎச்பி கொடுத்தது. ஒன்பது குவிண்டாலுக்கும் குறைவான எடை. ஏற்றத்தில் ஒரு லாரியைத் தாண்ட அந்தக் காலத்தில் அது தாராளம். அப்பா ஓட்டும்போது தாண்டித்தானே போனார்? கூடுதல் சக்தி தேட வேண்டிய நிலைமையில் நீங்கள் இல்லை என்பது என் கணிப்பு. இருந்த சக்தி எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டிய நிலைமை.

ஓட்டும் விதத்தையும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இது பதினாறு வால்வு எஞ்சின், உச்ச டார்க் (இழுவிசை) கிடைப்பதே 4,500 ஆர்பிஎம் பக்கம். டீசல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் நாலாவது கியரில் 2,000த்தில் மிதித்துவிட்டு, இழுக்கவில்லை என்பார்கள். மூன்றாவதுக்கு, தேவைப்பட்டால் இரண்டாவதுக்குக் குறைத்து, சத்தம் வந்தாலும் பரவாயில்லை என்று 5,000 வரை விட்டுப் பாருங்கள். லாரியைத் தாண்டும் அந்தச் சில விநாடி ஏசியை அணைத்துவிடுங்கள். கம்ப்ரஸரே மூன்று நான்கு பிஎச்பியைத் தின்றுவிடும். இதோடு, ஓசூர் பாலக்கோட்டைவிட முந்நூறு நானூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஓசூரில் காற்றின் அழுத்தம் பத்து சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அந்த அளவுக்குச் சக்தியை அங்கே இழக்கத்தான் செய்யும்.

சரி, டர்போவுக்கு வருவோம்.

நண்பர் சொல்வதில் கணக்குப்படி தப்பில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். அதற்கு மேல் 0.4 பார் பூஸ்ட் கொடுத்தால் காகிதத்தில் நாற்பது சதவீதம் கூடுதல் காற்று. நடைமுறையில் 25, 30 சதவீதம் சக்தி கூடும். 85 இருந்தது 105, 110 ஆகும். உயரத்தில் காற்று குறைவதையும் டர்போ ஈடுகட்டிவிடும். ராயக்கோட்டை ஏற்றத்துக்கு இதைவிட இனிமையான பதில் இல்லை. வண்டி பறக்கும், அதில் சந்தேகமில்லை. எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

காற்றை அழுத்தினால் சூடாகும். 35 டிகிரி காற்றை 0.4 பார் பூஸ்டுக்கு அழுத்தினால் டர்போவின் மறுபக்கம் 80 டிகிரிக்கு மேல் வெளியே வரும். சித்திரை வெயிலில், அதுவும் எஞ்சின் அறைக்குள்ளிருந்து இழுத்தால், ஆரம்பமே ஐம்பதைத் தாண்டும். இந்தச் சூட்டோடு காற்று சிலிண்டருக்குள் போய் மறுபடி அழுந்தும்போது, தீப்பொறி வருவதற்குக் காத்திராமல் மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். இதைத் தவிர்க்க அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வேண்டும், கூடுதல் பெட்ரோல் வேண்டும், தீப்பொறியைத் தாமதப்படுத்த வேண்டும். இப்போது அந்த அரை லிட்டர் ஆயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் கசிந்து எரியும் எஞ்சின் ஆயில் பெட்ரோலின் ஆக்டேனை, அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறனை, குறைத்துவிடும். நாக்கிங் வரக் காத்துக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததாகிவிடும். ரிங் இடுக்கு வழியாக அழுத்தம் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும், அங்கிருந்து ஆயிலை மேலே தள்ளும், அது மறுபடி இன்டேக்கில் சேரும். வட்டம் போட்டு வளரும் நோய் இது.

பெட்ரோலையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்கு, உங்கள் வண்டியில் டர்போ என்று ஒன்று இருப்பதே தெரியாது. டர்போ இல்லாத வண்டிகளில் இருக்கும் காற்றழுத்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் படிக்கும். அதற்கு மேல் எவ்வளவு காற்று வந்தாலும் அதற்கு ஒன்றுதான், இன்ஜெக்டரும் அதே பெட்ரோலைத்தான் விடும். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. பூஸ்டில் அது 12க்குக் கீழே இருந்தால்தான் பிஸ்டன் பிழைக்கும். ஆக, பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், தனி இசியூ, அதைப் பொறுமையாக ட்யூன் செய்ய சக்தியை அளக்கும் டைனோ வைத்திருக்கும் ஆள், எல்லாம் வேண்டும். அதோடு ஆயில் போக, ஆயில் திரும்பி வரக் குழாய், புது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, பெரிய ரேடியேட்டர், தடித்த கிளட்ச். 1,80,000க்குள் இவ்வளவும் அடங்காது. அடங்குகிறது என்று ஒருவர் சொன்னால், இந்தப் பட்டியலில் எதை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். பெரும்பாலும் விடப்படுவது ட்யூனிங்தான். கண்ணுக்குத் தெரியாத வேலை அல்லவா.

நண்பர் டர்போ எங்கிருந்து எடுக்கப்போகிறார் என்றும் கேளுங்கள். டீசல் காரில் கழற்றிய டர்போ பழைய உதிரி பாகக் கடையில் மலிவாகக் கிடைக்கும். டீசல் புகையின் வெப்பம் முழு லோடில் 700, 750 டிகிரி என்றால் பெட்ரோல் எஞ்சினில் 900ஐத் தாண்டும். டீசலுக்கென வார்த்த டர்பைன் ஹவுஸிங் அந்தச் சூட்டில் வெடிப்பு விடும். மாட்டிய முதல் மாதம் ஒன்றும் தெரியாது.

எங்கள் பட்டறைக்கு ஒரு சின்ன மாருதி கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. வெளியூரில் எங்கோ டர்போ போட்டு, கேஜில் பூஸ்ட் கம்மியாகத்தான் காட்டியது என்று ஓட்டியிருக்கிறார்கள். பிளக்கைக் கழற்றியதுமே கதை தெரிந்துவிட்டது. வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது மாதிரி கறுப்பும் வெள்ளியுமாகப் புள்ளிகள். வெள்ளிப் புள்ளி என்பது பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைத் தூக்கினால் எக்ஸாஸ்ட் பக்கத்தில் பிஸ்டனின் விளிம்பு மேல் ரிங் பள்ளம் வரை உருகி வழிந்து, சிலிண்டர் சுவரில் இழுபட்டிருந்தது. ஓட்டியவருக்கு நாக்கிங் சத்தம் கேட்கவே இல்லை. பெரிதாகச் சத்தம் போடும் சைலன்சர் போட்டிருந்தார்.

அப்படியானால் தொழிற்சாலையிலிருந்தே டர்போவோடு வரும் பெட்ரோல் கார்கள் எப்படி ஓடுகின்றன என்று கேட்பீர்கள். அந்த எஞ்சின்களில் பிஸ்டனுக்கு அடியில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட் இருக்கும், நாக்கிங் வந்தால் நொடியில் தீப்பொறியைத் தள்ளிப்போடும் சென்சாரும் மென்பொருளும் இருக்கும், பிஸ்டனும் ராடும் வால்வும் அதற்கென்றே செய்தவை. பின்னால் சேர்க்கிற டர்போவுக்கும் பிறவியிலேயே இருக்கிற டர்போவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்ட ஒரு தனி வண்டி, ஃபோர்ஜ்டு பிஸ்டன், கெட்டால் மறுபடி செய்யப் பணம், இதெல்லாம் இருப்பவர் கேட்டால் நானே ஆர்வமாக உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுப்பேன். வேலைக்குப் போகிற வண்டிக்கு இல்லை.

பலேனோ எஞ்சின் கதை வேறு. பெங்களூர் மெக்கானிக் சொன்னதில் விஷயம் இருக்கிறது. உங்கள் 1.3ம் அந்த 1.6ம் சுசூகியின் ஒரே ஜி வரிசை. வெளிநாடுகளில் எஸ்டீமின் இதே உடலில் 1.6 எஞ்சினைச் சுசூகியே தொழிற்சாலையில் போட்டு விற்றிருக்கிறது, அதனால் எஞ்சின் அறைக்குள் இடமில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. உங்கள் கியர்பாக்ஸ் அந்த எஞ்சினோடு போல்ட் போட்டு உட்காரும். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 74 மில்லிமீட்டருக்குப் பதில் 75, பெரிய மாற்றமில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்தான் 75.5லிருந்து 90 ஆகிறது. இதனால் பிளாக் உயரம் கூடும், மவுண்டிங் பிராக்கெட் மாற்ற வேண்டும், பானட் இடைவெளியைக் களிமண் வைத்து அளந்து பார்க்க வேண்டும். பிஎச்பி கணக்கில் 85க்கு 94, வெறும் ஒன்பதுதான் கூடுகிறது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். டார்க் 110 நியூட்டன் மீட்டரிலிருந்து 130 பக்கம் போகிறது, அதுவும் 3,000 ஆர்பிஎம்மிலேயே. ஏற்றத்தில் கியரைக் குறைக்காமலே லாரியைத் தாண்டலாம். நீங்கள் கேட்கிற குணம் இதுதான். பிஸ்டனை உருக்குகிற அபாயமும் இல்லை. எஞ்சின், இசியூ, வயரிங், சென்சார் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்தால் அது தொழிற்சாலை போட்ட கணக்கிலேயே ஓடும். வெறும் எஞ்சினை மட்டும் வாங்கிவந்து எஸ்டீம் இசியூவோடு ஓட்டப் பார்த்தால் டர்போவில் சொன்ன அதே தலைவலி வேறு உருவத்தில் வரும்.

இயந்திரக் கணக்கில் மட்டும் கேட்டால், உங்கள் வண்டிக்கு எஞ்சின் மாற்றம்தான். ஆனால் இரண்டு விஷயம்.

முதலாவது, அந்தப் பலேனோவின் விற்பனை 2007இல் நின்றுவிட்டது. இன்று கிடைக்கும் மிக இளைய எஞ்சினுக்கே உங்கள் எஞ்சினின் வயதுதான் கிட்டத்தட்ட. ஓடோமீட்டர் எவ்வளவு காட்டியது என்பது கடைக்காரர் வாயில் இருக்கிறது. அதையும் பிரித்து ரிங், பேரிங், ஹெட் வேலை பார்த்துத்தான் போட வேண்டும். அவர் சொன்ன 1,20,000இல் அது இருக்கிறதா, இறக்கி மாட்டும் கூலி மட்டும்தானா என்று எழுத்தில் வாங்குங்கள். எஞ்சின் எந்த வண்டியில் இருந்தது, அதற்கு பில் உண்டா என்பதும் முக்கியம். திருட்டு வண்டியின் எஞ்சின் நம்பர் உங்கள் பானட்டுக்கு அடியில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

இரண்டாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி போன்ற எரிபொருள் மாற்றத்துக்கு அதில் தனி வழி உண்டு. 1.3க்குப் பதில் 1.6 போட வழி இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை அப்படியே உறுதிசெய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. டர்போ போட்டால் எஞ்சின் நம்பர் மாறாதே, யாருக்குத் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். பின்னால் ஒரு பாகத்தைச் சேர்த்து வண்டியைத் திருத்துவதும் அந்தப் பிரிவின் கீழ்தான் வருகிறது.

நடைமுறையில் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். உங்கள் வண்டியின் ஆர்.சி. பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. 2019, 2024 முடிந்திருக்கும், அடுத்து 2029. ஆய்வாளர் எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுவார். அன்றைக்கு நம்பர் வேறாக இருந்தால் அப்பாவின் வண்டி ஆர்டிஓ அலுவலக வாசலிலேயே நின்றுவிடும். இன்னொரு இடம் இன்ஷூரன்ஸ். விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் முதலில் பார்ப்பது பானட்டுக்கு அடியில்தான். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிச் சேதத்துக்கான பணத்தை மறுக்க அவர்களுக்குப் போதுமான காரணம் கிடைத்துவிடும்.

யாராவது ஸ்விஃப்ட் டீசல் எஞ்சின் போடலாம் என்று இடையில் நுழைந்தால் காதில் வாங்காதீர்கள். முன்பக்க எடை, எரிபொருள், ஆர்.சி. எல்லாமே இடிக்கும்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வரிசையில் போவேன். பெல்ட் குறி, கம்ப்ரஷன், கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ரேடியேட்டர். இதிலேயே பாதி பிரச்சினை தீர்ந்துவிட்டால் மீதிப் பணம் உங்களுடையது. ரிங் போயிருந்தால் எஞ்சினை இறக்கி முழுதாகச் செய்யுங்கள். சிலிண்டரை லேத்காரர் மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளக்க வேண்டும். தேய்மானம் அளவுக்குள் இருந்தால் ஹானிங் (உள்சுவரை லேசாகத் தேய்ப்பது) செய்து புது ரிங், தாண்டியிருந்தால் ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) செய்து ஓவர்சைஸ் பிஸ்டன். ஹெட்டில் வால்வு கிரைண்டிங், புது சீல், முகம் கோணியிருந்தால் ஃபேஸிங். தேவைக்கு மேல் ஃபேஸிங் செய்ய விடாதீர்கள், கம்ப்ரஷன் எகிறும். மெயின், பிக்எண்ட் பேரிங், ஆயில் பம்ப், எஞ்சின் மவுண்ட் எல்லாம் அப்போதே மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிளட்ச் செட்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு பழைய ரப்பர் ஹோஸ்கள் சீக்கிரம் ஊறிப்போகின்றன, அதையும் ஒரு கண் பாருங்கள். எல்லாம் சேர்ந்தாலும் உங்கள் இரண்டு லட்சத்தில் பாதியை ஒட்டித்தான் வரும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஒரே வேகத்தில் விரட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். பிளாக்கே தேறாது என்று லேத்காரர் கையை விரித்தால், எஸ்டீமின் அதே 1.3 எஞ்சின் ஒன்றைப் பில்லோடு வாங்கி, ஆர்டிஓவில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டு, ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்றிக்கொள்ளலாம். அதே வகை எஞ்சின் என்பதால் அதற்கு வழி இருக்கிறது.

மிச்சப் பணத்தில் பிரேக்கைப் பாருங்கள். இதை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சக்தி கூட வேண்டும் என்று எழுதுகிறவர்கள் யாரும் பிரேக்கைப் பற்றி எழுதுவதில்லை. இருபது வருட ரப்பர் ஹோஸ், மாற்றாத பிரேக் ஆயில், பின்னால் டிரம்முக்குள் கசியும் வீல் சிலிண்டர், இவற்றோடு தொப்பூர் இறக்கத்தில் இறங்குகிற எஸ்டீம்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நான்கு நல்ல டயர், புது ஷாக் அப்சார்பர், சுத்தமான பிரேக், இவை இருந்தால் அதே 85 பிஎச்பியில் நீங்கள் இன்னும் தைரியமாக லாரியைத் தாண்டுவீர்கள்.

கம்ப்ரஷன் ரீடிங் நான்கையும், ஆயில் ஊற்றிய பிறகு எடுத்த ரீடிங்கையும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். சிலிண்டர் வரிசை மாறாமல், டைமிங் பெல்ட் பக்கத்திலிருந்து எண்ணி எழுதுங்கள். பெல்ட் மாற்றியது எந்த மாதம், இழுவை குறைந்ததாக முதலில் தோன்றியது எந்த மாதம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை பெங்களூருக்கும் அட்வான்ஸ் வேண்டாம், நண்பருக்கும் வேண்டாம்.